அலமாரியில் உறங்கும் மீன்

மீன் முட்டையைத் தண்ணீரிலிருந்து எடுத்து, பாலித்தீன் பையில் கட்டி, மூன்று மாதம் அலமாரியில் வைத்தால் என்ன ஆகும்? கில்லி மீன்களில் சில வகைகளுக்கு ஒன்றும் ஆகாது, நேயர்களே!

சான்சிபார் தீவின் நோத்தோபிராங்கியஸ் குந்தேரி அப்படி ஒன்று. மழைக்குட்டையில் பிறந்து, குட்டை வற்றுமுன் சேற்றில் முட்டையிட்டு மடிந்துவிடும். வறட்சி முழுக்க முட்டை சேற்றுக்குள் உறங்கும். மழை வந்தால் விழிக்கும்.

வீட்டுத் தொட்டியிலும் இதே கதைதான். கொதிக்கவைத்து அலசிய தேங்காய் நார்த்தூளை ஒரு கிண்ணத்தில் போட்டு உள்ளே வையுங்கள். ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண் மீன்கள் இருக்கட்டும். ஆண் சற்று முரடு. முட்டை விழுந்த தூளை வாரம் ஒருமுறை வலையில் வடித்து, மெல்லப் பிழிந்து, லேசான ஈரத்தோடு பையில் மூடுங்கள். மேலே தேதி எழுதுங்கள். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். சுமார் 3 மாதத்தில் முட்டைக்குள் கண்கள் தெரியும். அப்போது குளிர்ந்த நீர் ஊற்றினால் சில மணி நேரத்தில் குஞ்சுகள் நீந்தும். முதல் தீனி, புதிதாகப் பொரித்த ஆர்ட்டீமியா என்னும் உவர்நீர் இறால் குஞ்சு.

பை இருக்கும் இடத்தை மட்டும் வீட்டில் சொல்லிவையுங்கள். குப்பையென்று யாராவது வீசிவிடப் போகிறார்கள்!