சரயேவோ ரொட்டியும் திருச்சி அடுப்பும்

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, நெல் விளையும் பூமியில் இருந்துகொண்டு ரொட்டியைப் பற்றி எழுதுவானேன் என்று வாசகர்கள் வியக்கலாம். ஆயினும், நம் ஊருக்குக் கோதுமை ரொட்டி அப்படியொன்றும் அந்நியமானதன்று. ஸ்ரீரங்கம் கோயிலில் துலுக்க நாச்சியார் சந்நிதி இருப்பது பலரும் அறிந்ததே. தில்லி சுல்தானின் மகள் ஒருத்தி அரங்கனைத் தேடித் தென்னாடு வந்து சேர்ந்தாள் என்பது அங்கு வழங்கும் ஐதிகம். அந்த வடநாட்டு இளவரசிக்குப் படைக்கப்படுபவற்றுள் ரொட்டியும் வெண்ணெயும் உண்டு. கதையின் வரலாற்று உண்மை எதுவாயினும், தொலைவிலிருந்து வந்தவளுக்கு அவள் ஊர் உணவையே அளிக்க வேண்டும் என்று எண்ணிய மனம் போற்றத்தக்கது.

இன்று பயணத்தின் திசை மாறியிருக்கிறது. பாரிஸிலும் இலண்டனிலும் பிள்ளைகள் தொழில் செய்யும் குடும்பங்கள் நம்மிடையே பல. அவர்களைக் காணப் புறப்படும் பெற்றோருக்கு முதலில் எழும் கவலை, "அங்கே போய் எதைச் சாப்பிடுவது?" என்பதுதான். இறைச்சியில் ஐயம், எண்ணெயில் ஐயம். இந்நிலையில் ஐரோப்பியப் பயணியின் உற்ற துணை ரொட்டிக் கடையே.

பிரான்ஸ் நாட்டில் 1993ஆம் ஆண்டு ஓர் அரசாணை பிறந்தது. 'ட்ரடிஷன்' என்னும் பெயரில் விற்கப்படும் ரொட்டியில் கோதுமை மாவு, நீர், உப்பு, புளிப்பூட்டும் ஈஸ்ட் அல்லது புளித்த மாவு ஆகியவையே அடிப்படை; பதப்படுத்தும் இரசாயனங்களுக்கு அங்கு இடமில்லை. மாவு, நீர், உப்பு என்று எண்ணி முடித்துவிடக்கூடிய இவ்வெளிமையே நமக்கு வேண்டிய நிம்மதி. நீண்ட தடிபோன்ற அந்தப் 'பாகெத்' ரொட்டி தயாரிக்கும் கலையை 2022இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஆனால், எல்லா நாட்டிலும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிடக் கூடாது. ஸ்பெயினின் மயோர்க்கா தீவில் விற்கப்படும் 'என்சைமாதா' என்னும் சுருள் ரொட்டியின் பெயரே பன்றிக் கொழுப்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. இத்தாலியிலும் சில வட்டார ரொட்டிகளில் அக்கொழுப்பு சேர்வதுண்டு. கேட்டு வாங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பாரிஸும் இலண்டனும் பார்த்தவர்கள் ஒருமுறை பொஸ்னியாவின் தலைநகரான சரயேவோவுக்கும் செல்ல வேண்டும் என்பது என் அழுத்தமான கருத்து. ஐரோப்பாவின் நடுவே பாங்கொலி கேட்டு விழித்தெழும் நகரம் அது. பதினாறாம் நூற்றாண்டில் எழுந்த காஸி ஹுஸ்ரெவ் பேக் பள்ளிவாசலும், அதை ஒட்டிய பழைய கடைவீதியும் இன்றும் உயிரோட்டத்துடன் திகழ்கின்றன. ரமளான் மாலைகளில் அந்நகர மக்கள் ரொட்டிக் கடைகளின் முன் வரிசையில் நிற்பார்கள். அவர்கள் காத்திருப்பது 'ஸோமுன்' என்னும் வட்ட ரொட்டிக்காக. உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரியது. மேலே கட்டம் கட்டமாகக் கோடுகள். அவற்றின்மீது தூவப்பட்ட, நாம் நன்கறிந்த கருஞ்சீரகம். விறகு அடுப்பிலிருந்து எடுத்துத் தாளில் சுற்றித் தருகிறார்கள். குன்றின்மேல் உள்ள மஞ்சள் கொத்தளத்தில் சூரியன் மறையும்போது பீரங்கி முழங்கும், நோன்பு திறக்கப்படும்.

இந்த நகரில் ரொட்டிக்காக வரிசையில் நிற்பது என்பதற்கு வேறொரு பொருளும் உண்டு. 1992 மே 27ஆம் நாள், முற்றுகைக்குள் பசித்திருந்த மக்கள் வாஸே மிஸ்கினா தெருவில் ரொட்டி வாங்க நின்றிருந்தபோது குண்டுகள் வந்து விழுந்தன. இருபதுக்கும் மேற்பட்டோர் அங்கேயே மாண்டனர். அந்நாளில் அச்செய்தியைப் படித்து நம் வீடுகளில் கண்ணீர் விட்டவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இப்போது ஃபெர்ஹாதியா என வழங்கும் அத்தெரு, கடைகளும் காப்பி நிலையங்களுமாகக் கலகலப்பாக இருக்கிறது. நகரில் குண்டு விழுந்து குழியான சில இடங்களைச் சிவப்புப் பிசினால் நிரப்பி அப்படியே விட்டிருக்கிறார்கள். 'சரயேவோ ரோஜா' என்பது அவற்றின் பெயர். அதைக் கடந்து, சூடான ரொட்டியைக் கையில் ஏந்திச் சிறுவர்கள் வீட்டுக்கு ஓடுகிறார்கள்.

ஸோமுனை நம் வீட்டிலும் செய்யலாம். ஒரேயொரு இடையூறு, திருச்சியின் வெயில். ஐரோப்பியச் சமையல் நூல்கள் வெதுவெதுப்பான நீரில் மாவைப் பிசையச் சொல்கின்றன. அது அவர்களது குளிருக்கு எழுதப்பட்டது. சித்திரை, வைகாசியில் நம் சமையலறை இருக்கும் சூட்டில் அப்படிச் செய்தால் மாவு நுரைத்துப் பொங்கிப் புளித்த வாடை வீசும். இங்கே குளிர்ந்த நீரே உகந்தது.

அரைக்கிலோ மைதாவுக்கு ஒரு தேக்கரண்டி உலர் ஈஸ்ட், இரண்டு சிறு தேக்கரண்டி உப்பு, சுமார் 350 மில்லி நீர். நான்கில் ஒரு பங்கு மைதாவுக்குப் பதிலாகக் கோதுமை மாவு சேர்ப்பவர்கள் நீரைச் சற்றுக் கூட்டிக்கொள்ள வேண்டும். ஆட்டா அதிக நீரை உறிஞ்சும். மாவு கையில் ஒட்டத்தான் செய்யும். பயந்து மேலும் மாவைக் கொட்டினால் ரொட்டி கட்டை போலாகிவிடும். பத்து நிமிடம் இழுத்துப் பிசைந்து, ஈரத்துணி போட்டு மூடி வைக்கவும். கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம். மாவு இருமடங்கானதா என்று மட்டும் பார்க்கவும். கோடையில் முக்கால் மணி நேரத்திலும், மார்கழியில் அதைவிட வெகுநேரம் கழித்தும் அது உப்பும். அஸருக்குப் பின் பிசைந்தால் மஃக்ரிபுக்குள் சுட்டுவிடலாம்.

நான்கு உருண்டைகளாக்கிக் கால் மணி நேரம் ஓய்வு கொடுத்து, விரல் கனத்துக்குத் தட்டி, கத்தியின் மழுங்கிய புறத்தால் குறுக்கும் நெடுக்குமாக அழுத்துக. மேலே நீர் தடவிக் கருஞ்சீரகம் தூவுக. ஓவனை 250 டிகிரிக்கு நன்றாகச் சூடேற்றிப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் சுட்டால் பொன்னிறமாக எழும்பும். ஓவன் இல்லாத வீடுகளில் கனமான இரும்புத் தோசைக்கல்லும் பொருத்தமான மூடியும் போதும். இருபுறமும் திருப்பிச் சுட வேண்டும். நிறம் சற்றுக் குறையும், சுவை குறையாது.

சரயேவோவில் இதனைப் பிளந்து, சுட்ட மாட்டிறைச்சிக் கொத்தும் நறுக்கிய வெங்காயமும் வைத்துத் தருவர். நம் நோன்புக் கஞ்சியில் தோய்த்து உண்டாலும் அருமையாகவே இருக்கிறது. சூடு ஆறுமுன் துணியில் சுற்றி வைத்தால் மேற்புறம் மிருதுவாகும். மறுநாளைக்கு மிஞ்சியதை, நீர் தெளித்துத் தோசைக்கல்லில் மூடிச் சூடாக்கினால் ஸஹருக்கு ஆகும்.