வீட்டுப் பெயரும் பிறந்த மண்ணும்

பொதட்டூர்பேட்டையின் தறித் தெருக்களில் தமிழும் தெலுங்கும் ஒருங்கே வழங்குகின்றன. தமிழர் தகப்பனார் பெயரின் முதலெழுத்தைத் தம் பெயருக்கு முன் இட்டு அமைகின்றனர். தெலுங்கு பேசுவோர் பரம்பரையாக வரும் 'இண்டி பேரு', அதாவது வீட்டுப் பெயரை முன்வைக்கின்றனர். எல்லைப்புறமாகையால், அப்பெயரைக் கேட்ட மாத்திரத்தில் 'இவர் நம்மவரல்லர்' என்று தீர்ப்புக் கூறுவோரும் உளர். அத்தீர்ப்பு எவ்வளவு தூரம் செல்லும் என்பதை, அண்டையிலுள்ள திருத்தணியில் பிறந்த பேரறிஞர் ஒருவரைக் கொண்டே பரிசோதிப்போம்.

டாக்டர் சர்வேபள்ளி ராதாகிருஷ்ணன் 1888-ம் ஆண்டு செப்டம்பர் 5-ந் தேதி திருத்தணியில் ஜனித்தார். சர்வேபள்ளி என்பதோ நெல்லூர் ஜில்லாவிலுள்ள கிராமம். அவருடைய முன்னோர் அவ்வூரை விட்டுப் பெயர்ந்தபோது அதன் பெயரை மாத்திரம் உடன் கொண்டு வந்தனர். நேருவின் சரித்திரத்தை மூன்று பாகங்களில் எழுதிய அவர் குமாரர் கோபால் 1923-ல் சென்னையில் பிறந்தார், அவரும் சர்வேபள்ளிதான். மைசூர் திவான் விசுவேசுவரய்யாவின் மோக்ஷகுண்டமும் ஆந்திரத்து ஊர்ப்பெயரே. அவர் பிறந்ததோ கன்னட நாட்டு முத்தேனஹள்ளியில்.

ஸ்காட்லாந்திலும் இவ்வழக்கம் உண்டு. 'மர்ரே' என்ற குலப்பெயர் அந்நாட்டின் வடக்கிலுள்ள மோரே பிரதேசத்தால் வந்தது. 1297-ல் ஸ்டர்லிங் பாலத்தில் வாலஸுடன் நின்று ஆங்கிலப் படையை முறியடித்த ஆண்ட்ரூ மோரேயும், 1772-ல் சாமர்செட் என்ற அடிமையை விடுவித்துத் தீர்ப்பளித்த மான்ஸ்பீல்டு பிரபுவும் அப்பெயரினரே. ஆனால் வேற்றுமை ஒன்றுண்டு. மர்ரேக்கள் தாம் அடைந்த நிலத்தின் பெயரைப் பூண்டனர். நம் பக்கத்து வீட்டுப் பெயர்களோ பெரும்பாலும் விட்டுவந்த நிலத்தின் பெயர்கள்.

இங்கே பெயர் நிலைத்திருக்க, எல்லைகள்தாம் இடம் மாறின. ராதாகிருஷ்ணன் பிறந்தபோது திருத்தணி வட ஆற்காடு ஜில்லாவில் இருந்தது; 1911-ல் புதிதாய் உண்டான சித்தூர் ஜில்லாவிலும், 1953-ல் ஆந்திர ராஜ்யத்திலும் சேர்ந்தது. ம. பொ. சிவஞானம் முதலியோர் நடத்திய வடக்கெல்லைக் கிளர்ச்சிக்கும் படாஸ்கரின் மத்தியஸ்தத்துக்கும் பின்னர், 1960 ஏப்ரல் 1 முதல் சென்னை ராஜ்யத்தோடு இணைந்தது. அன்று சர்வேபள்ளியார் பாரதத்தின் உப ராஷ்டிரபதி! படாஸ்கர் கிராமத்தையே அளவாகக் கொண்டு, அங்கே பெரும்பான்மையோர் பேசிய பாஷையையும் பூகோளத் தொடர்ச்சியையும் நோக்கினார். வீட்டுப் பெயர் அவருக்கு அளவுகோலாகவில்லை.

எல்லைப்புறப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளைச் சேர்ப்போருக்கு நாம் சொல்ல விரும்புவது இதுவே. தாய்மொழி எதுவெனப் பிள்ளையையும் பெற்றோரையும் கேளுங்கள். பெயரின் முன்பாதியைப் பார்த்துத் தாங்களே எழுதிக்கொள்ள வேண்டாம்.