விழுந்த பனம்பழம்

பனம்பழத்தை எவரும் மரத்தில் ஏறிப் பறிப்பதில்லை. பழுத்தால் அது தானாகவே விழும். ஆவணி, புரட்டாதி மாதங்களில் யாழ்ப்பாணத்து வளவுகளில் இரவிரவாகக் கேட்கும் 'தொப்' என்ற சத்தம் அதுதான். விடிந்ததும் கடகத்தோடு போய்ப் பொறுக்குபவர்கள்தாம் இப்போது குறைந்துவிட்டார்கள். மாடு சப்பியதும் வண்டு மொய்த்ததுமாகப் பழங்கள் ஒழுங்கையோரம் அழுகிக் கிடப்பதைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை.

இதற்கு ஒரு காரணம் எங்கள் சமூகத்தின் கதையோடு சேர்ந்தது. 1990 ஒக்டோபர் இறுதியில் வடபகுதி முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது நான் சிறுமி. புத்தளத்தில், தென்னை மரங்களுக்கு நடுவே ஓலைக் கொட்டிலில் வளர்ந்தேன். உம்மம்மா பனாட்டைப் பற்றிச் சொல்லுவா; காட்டுவதற்கு அவவிடம் பழம் இருக்கவில்லை. ஊர் திரும்பிய பிறகுதான், வயது போன அயலவர்களைக் கேட்டுக் கேட்டு நான் இவற்றைப் பழகினேன். இன்று எங்கள் மாணவிகளுள் பலருக்குப் பனங்காய்ப் பணியாரம் என்பது கடையில் வாங்கும் பொருள் மட்டுமே.

பழத்தை விழுந்த அன்று காலையிலேயே எடுத்துவிட வேண்டும். வெடித்த பழத்தில் மண்ணும் புழுவும் ஏறிவிடும். கறுத்த தோல் கிழியாமல், வாசம் தூக்கலாக இருக்கும் பழமே நல்லது. அடுத்தவர் வளவென்றால் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள். காற்று வீசும் நேரத்தில் மரத்தின் கீழ் போகவே வேண்டாம். ஒரு கிலோவுக்கும் மேல் நிறையுள்ள பழம் அந்த உயரத்திலிருந்து தலையில் விழுந்தால் விளையாட்டல்ல.

தலையில் ஒட்டியிருக்கும் தடித்த இதழ்களைக் கழற்றித் தோலை உரித்தால், பெரும்பாலும் மூன்று கொட்டைகள் தும்போடு வெளிப்படும். சிறிது தண்ணீர் தெளித்துப் பிசைந்து, தும்பு வராமல் துணியில் வடித்தெடுப்பதே பனங்களி. மஞ்சளும் செம்மையும் கலந்த நிறம். இனிப்புக்குப் பின்னால் ஒரு கைப்பு. அந்தக் கைப்புக்குக் காரணம் களியிலுள்ள பிளாபெலிஃபெரின் என்னும் சபோனின் வகைப் பொருள். சபோனின் தண்ணீரில் நுரைக்கும். முற்காலத்தில் பனம்பழத்தால் உடுப்புத் தோய்த்ததும், 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் சவர்க்காரம் கிடைக்காத வீடுகள் மறுபடி அதை நாடியதும் இதனால்தான். தோய்த்துக் காயப்போட்ட சட்டையை வாசத்துக்கு மாடு வந்து சப்பிவிடும் என்று சொல்லிச் சிரிப்பார்கள்.

பணியாரத்துக்குக் களியைச் சீனி சேர்த்து நன்றாகக் காய்ச்ச வேண்டும். அவசரப்பட்டு இறக்கினால் பச்சை வாடையும் கைப்பும் போகாது. ஆறிய பின் வறுத்த மாவும் உப்பும் சேர்த்துக் குழைத்து, விரலால் கிள்ளிக் கிள்ளி எண்ணெயில் போட்டுப் பொரித்தெடுக்கலாம். பழத்தில் செய்வதற்கு ஏன் பனங்காய்ப் பணியாரம் என்று பெயர் வந்ததோ! பனாட்டுக்குப் பொறுமை வேண்டும். பாயில் களியை மெல்லியதாகப் பரவி வெயிலில் காயவிட்டு, காய்ந்ததன் மேல் மறுநாள் இன்னொரு படை ஊற்றி, இப்படிப் பல நாள் செய்து உரித்தெடுப்பார்கள். மழைக்காலத்துக்கு வைத்துச் சாப்பிடும் இனிப்பு அது. பனம்பாணியில் ஊறவிட்டால் பாணிப்பனாட்டு.

களி எடுத்த கொட்டையை எறிந்துவிடுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். பாதிச் சாப்பாடு அதற்குள் அல்லவா இருக்கிறது! இளகிய மண்ணில் மேடாகப் பாத்தி கட்டி, கொட்டைகளை நெருக்கமாக அடுக்கி மண்ணால் மூடிவிட்டால், ஐப்பசி மழை மிச்ச வேலையைப் பார்த்துக்கொள்ளும். முளை கீழ்நோக்கி இறங்கிக் கிழங்காகும். தை, மாசியில் கிண்டலாம். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். அவிக்காமல் கிழித்துக் காயவைத்தால் ஒடியல். ஒடியலை இடித்த மாவைத் தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரை வடித்த பிறகே நண்டும் இறாலும் பயிற்றங்காயும் போட்ட கூழில் கரைக்க வேண்டும். கிழங்கு கிண்டிய கொட்டையைப் பிளந்தால் உள்ளே பூரான், பிள்ளைகளின் பங்கு. எஞ்சிய ஊமல் அடுப்புக்கு.

எல்லாக் கொட்டையையும் கிழங்காக்கிவிடவும் கூடாது. போரில் பதுங்குகுழிகளுக்காகத் தறிபட்ட பனைகள் ஏராளம். 1978 இல் அமைக்கப்பட்ட பனை அபிவிருத்திச் சபை ஒரு பக்கம் நடட்டும். எங்கள் வேலியோரத்தை நாங்களே பார்க்கலாம். காய்க்கப் பதினைந்து வருடம், சில வேளை அதற்கும் மேல் செல்லும். பூக்கும்வரை ஆண்பனையா பெண்பனையா என்றும் தெரியாது. ஆகையால் ஒரு கொட்டையோடு நிற்காமல் ஏழெட்டாகப் புதைத்துவிடுங்கள்.