கோட்டை ஆன கல்லறை!

ரோம் நகரின் தென்புறத்தில் "அப்பியா" சாலை இருக்கிறது. கி.மு. 312-ல் தொடங்கப்பட்ட கல் சாலை அது.

சாலை ஓரத்தில் ஒரு வட்டக் கோபுரம். குறுக்களவு சுமார் 30 மீட்டர். உண்மையில் அது கல்லறை! செசீலியா மெட்டெல்லா என்ற பெரிய இடத்துப் பெண்ணுக்காகக் கட்டப்பட்டது.

கி.பி. 1300-ஐ ஒட்டி, கயெத்தானி குடும்பத்தார் அதை ஒட்டிக் கோட்டை கட்டினார்கள். சாலையில் போவோரிடம் சுங்கம் வசூலித்தார்கள்.

இன்று அது அருங்காட்சியகம். சுங்கம் போய், டிக்கெட் வந்துவிட்டது! சாலையோரக் கல்லறைகளின் சிற்பங்கள் உள்ளே இருக்கின்றன.

கி.மு. 71-ல், விடுதலைக்காகப் போராடிப் பிடிபட்ட 6,000 அடிமைகளை இதே சாலை நெடுகச் சிலுவையில் அறைந்தார், தளபதி கிராசஸ். செசீலியா அவருடைய மருமகள் என்று கருதப்படுகிறது.

மருமகளுக்குக் கோபுரம் போன்ற கல்லறை. அந்த 6,000 பேருக்கோ ஒரு கல்கூட இல்லை!