வயதாகாத கிளிகள்

1963 ஜூனில் கலிஃபோர்னியாவின் டிஸ்னிலேண்டில் கூரை வேய்ந்த ஒரு மண்டபம் திறக்கப்பட்டது. உள்ளே போய் உட்கார்ந்தவர்களின் தலைக்கு மேலே இயந்திரக் கிளிகள் கண் விழித்தன, ஒன்றையொன்று சீண்டின, சேர்ந்து பாடின. பூக்கள் வாய் திறந்தன; மரத்தில் செதுக்கிய முகங்கள் முணுமுணுத்தன; முடிவில் ஜன்னலுக்கு வெளியே இடி இடித்து மழை பெய்தது. ‘என்சான்டட் டிக்கி ரூம்’ என்பது அந்தக் காட்சியின் பெயர். முதலில் அதை உணவகமாக நடத்தத்தான் திட்டம். கிளிகளைப் பார்த்துக்கொண்டு சாப்பிட வந்தவர்கள் எழுந்து போகவே மாட்டார்கள் என்ற கவலையில் வெறும் காட்சிக்கூடமாக மாற்றினார்கள். 1971-ல் ஃபுளோரிடாவின் மேஜிக் கிங்டம் பூங்காவிலும் இதே கிளிகள் பாடத் தொடங்கின. 1998-ல் அங்கே இருந்தவர்களுக்குக் காட்சி பழசாகிவிட்டதாகத் தோன்றியது. ‘புதிய நிர்வாகத்தின் கீழ்’ என்ற அறிவிப்போடு ‘அலாதீன்’ படத்தின் இயாகோவையும் ‘லயன் கிங்’ படத்தின் ஸாஸுவையும் கொண்டுவந்து புது முதலாளிகளாக உட்கார வைத்தார்கள். பழைய பாட்டெல்லாம் அறுவை என்று இயாகோ மேடையிலேயே கேலி செய்தது. 2011 ஜனவரியில் அந்தக் கட்டடத்தில் தீப்பிடித்தது. பழுதுபார்த்து ஆகஸ்டில் திறந்தபோது புது முதலாளிகள் இருவரும் இல்லை. 1963-ல் எழுதிய அதே காட்சி, சற்றே சுருக்கப்பட்டு, மறுபடி மேடையேறியிருந்தது.

கைப்பேசித் திரையில் நிமிடத்துக்கு நான்கு காணொளிகளைத் தள்ளிவிட்டுப் போகும் தலைமுறையைத் தாத்தா காலத்துக் காட்சிகள் உட்கார வைக்குமா என்ற கேள்வி இன்று உலகின் பெரிய தீம் பார்க்குகள் எல்லாவற்றுக்கும் முன்னால் இருக்கிறது. ‘முடியாது, காலம் மாறிவிட்டது’ என்பது வழக்கமான பதில். ‘மலரும் நினைவுகளுக்கு என்றும் மவுசு உண்டு’ என்பது அதன் எதிர்ப்பதில். இரண்டுமே மேலோட்டமானவை என்று நினைக்கிறேன். டிக்கி ரூமில் நடந்ததைக் கவனியுங்கள். அங்கே அலுத்துப்போனது 1963-ன் பகுதி அல்ல. 1998-ல் ஒட்டவைத்த பகுதிதான். இந்தக் காட்சிகளின் வரலாற்றில் இது திரும்பத் திரும்ப நடக்கிறது. ‘நான் இன்றைய சரக்கு’ என்று சொல்லிக்கொண்டு வந்ததுதான் முதலில் மூப்படைகிறது. கைத்திறனை மட்டும் நம்பி நின்றது நிற்கிறது.

இதற்கு மிகத் தெளிவான சான்று ‘கரோசல் ஆஃப் ப்ராக்ரஸ்’. 1964-ல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்துக்காக வால்ட் டிஸ்னி செய்துகொடுத்த காட்சி இது. 1967-ல் டிஸ்னிலேண்டுக்கும், 1975-ல் ஃபுளோரிடாவுக்கும் போனது. இன்றும் ஃபுளோரிடாவில் சுழல்கிறது. அதன் அமைப்பே ஒரு விந்தை. மேடைகள் நடுவில் அசையாமல் இருக்கும். அவற்றைச் சுற்றிப் பார்வையாளர்கள் அமர்ந்திருக்கும் அரங்கங்கள் வட்டமாக நகரும். ஒரே குடும்பத்தை நான்கு காலங்களில் காட்டுகிறார்கள். முதலில் 1900-ஐ ஒட்டிய ஆண்டுகள்: கேஸ் விளக்கு, ஐஸ்பெட்டி. அடுத்து 1920-கள்: வீடெல்லாம் மின்கம்பி ஓடுகிறது, ஒரேயடியாக எல்லாவற்றையும் போட்டதும் ஃப்யூஸ் போய்விடுகிறது. பிறகு 1940-கள். இந்த மூன்றையும் பெரிதாகத் தொட வேண்டிய தேவை வந்ததே இல்லை. அவை நேற்றைக் காட்டுகின்றன. நேற்று இனி மாறப்போவதில்லை. நான்காவது காட்சியைத்தான், அதாவது ‘இன்றும் நாளையும்’ என்று காட்ட வேண்டிய காட்சியைத்தான், 1967, 1975, 1985, 1994 என்று மாற்றி மாற்றி எழுதினார்கள். 1994-ன் வடிவத்தில் பாட்டி கண்ணாடி மாட்டிக்கொண்டு மெய்நிகர் விளையாட்டு விளையாடுகிறாள். அவளுடைய மதிப்பெண்ணைச் சொல்ல, குரலுக்குக் கட்டுப்படும் அடுப்பு அதை வெப்பநிலை என்று எடுத்துக்கொண்டு வான்கோழியைக் கரியாக்கிவிடுகிறது. வியப்பதற்காகச் செய்த இந்தக் காட்சி இன்று வீட்டில் நடக்கும் சங்கதி ஆகிவிட்டது. 1900-ன் ஐஸ்பெட்டியைப் பார்த்து ஒரு பிள்ளை இன்னும் ‘அது என்ன?’ என்று கேட்கும். 1994-ன் எதிர்காலத்தைப் பார்த்து எதையும் கேட்காது.

தொழில்நுட்பத்தையே வியப்பாக விற்ற காட்சிகளின் கதியும் இதுதான். 1996-ல் ஃபுளோரிடா யுனிவர்சல் ஸ்டுடியோஸில் வந்த ‘டெர்மினேட்டர் 2’ முப்பரிமாணக் காட்சி அந்த நாளில் பெரும் புதுமை. ஊர்த் திரையரங்குகளிலேயே முப்பரிமாணக் கண்ணாடி கொடுக்கும் காலம் வந்த பிறகு அந்தப் புதுமைக்கு என்ன மிச்சம்? 2017-ல் மூடினார்கள். இன்னொரு கதை நினைவை நேரடியாகச் சோதித்துப் பார்த்தது. மைக்கேல் ஜாக்சன் நடித்து, கொப்பாலா இயக்கி, 1986-ல் டிஸ்னி பூங்காக்களில் ஓடிய ‘கேப்டன் இஓ’ முப்பரிமாணப் படம் தொண்ணூறுகளில் எடுக்கப்பட்டுவிட்டது. 2009-ல் ஜாக்சன் இறந்தார். 2010-ல் ரசிகர்களுக்காகப் படத்தைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். இதைவிடத் தூய்மையான பழைய நினைவு இருக்க முடியாது. அமெரிக்கப் பூங்காக்களில் அது 2015-க்கு மேல் நீடிக்கவில்லை. நினைவு மனிதரை வாசல்வரை கூட்டிவரும். உள்ளே உட்கார்ந்த பிறகு, குறிப்பாகப் பக்கத்தில் அந்த நினைவே இல்லாத மகனோ மகளோ உட்கார்ந்திருக்கும்போது, காட்சி தன் சொந்தக் காலில் நிற்க வேண்டியிருக்கிறது.

அப்படி நிற்பதற்கு நல்ல உதாரணம், சிங்கப்பூர் செந்தோசாவுக்குப் போய்வந்த பல தமிழ்க் குடும்பங்களுக்கும் தெரிந்த ‘வாட்டர்வேர்ல்ட்’. 1995-ல் கெவின் காஸ்ட்னர் நடித்து வந்த அந்தப் படம் அதுவரை எடுத்த படங்களிலேயே அதிகச் செலவில் எடுக்கப்பட்டது. செலவுக்கேற்ற வெற்றி கிடைக்கவில்லை. ஆனால் அதே ஆண்டு ஹாலிவுட் யுனிவர்சல் ஸ்டுடியோஸில் அந்தப் படத்தை வைத்துத் தொடங்கிய சாகசக் காட்சி முப்பது ஆண்டுகளைத் தாண்டிவிட்டது. ஜப்பான், சிங்கப்பூர், பெய்ஜிங் பூங்காக்களுக்கும் போயிருக்கிறது. பெய்ஜிங் பூங்கா திறந்ததே 2021-ல்தான். இருபத்தாறு ஆண்டுப் பழைய, பலரும் மறந்துவிட்ட படத்தின் காட்சியைப் புத்தம்புதுப் பூங்காவில் ஏன் வைத்தார்கள்? தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வரும் ஜெட் ஸ்கீகள், கோபுர உச்சியிலிருந்து விழும் மனிதர், மதிலைத் தாண்டி வந்து நீரில் மோதும் விமானம், முன்வரிசையை நனைத்துவிடும் அலை எல்லாமே கண்ணெதிரே, ஒரே இடத்தில், உயிருள்ள மனிதர்களோடு நடக்கின்றன. இதற்குப் படத்தின் நினைவே தேவையில்லை. டோக்கியோவின் கரடிகளும் இதையே சொல்கின்றன. அமெரிக்கக் கிராமிய இசையைப் பாடும் இயந்திரக் கரடிகளின் ‘கன்ட்ரி பேர்’ காட்சி 1971-ல் ஃபுளோரிடாவில் பிறந்தது. 1983-ல் டோக்கியோ டிஸ்னிலேண்ட் திறந்தபோது அங்கேயும் வந்தது. அந்த இசையோடு வளராத ஜப்பானியப் பார்வையாளர்களிடம் அது இன்றுவரை தாக்குப்பிடிக்கிறது. கோடைக்கு ஒன்று, கிறிஸ்துமஸுக்கு ஒன்று என்று பருவத்துக்கேற்ற வடிவங்களையும் அங்கே விடாமல் காப்பாற்றி வருகிறார்கள். அவர்களிடம் இல்லாத ஒரு நினைவு அவர்களை எப்படி ஈர்த்திருக்கும்?

இப்போதைய பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை, இருபது நிமிடம் பொம்மைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார மாட்டார்கள் என்ற எதிர்வாதத்தை நான் ஒதுக்கிவிடவில்லை. திரையில் பார்க்கும் பழக்கம் மாறியிருப்பது உண்மை. ஆனால் அந்தப் பழக்கம் அப்படியே மைதானத்துக்கும் வந்துவிடுகிறது என்ற முடிவுக்கு மேற்கு பிரான்சின் வாந்தே பகுதியில் இருக்கும் ‘புய் து ஃபூ’ குறுக்கே நிற்கிறது. இடிந்த ஒரு கோட்டையின் முன்னால், அந்த வட்டாரத்து விவசாயக் குடும்பங்களின் பல நூற்றாண்டு வரலாற்றை 1978-ல் உள்ளூர் மக்களே இரவுக்காட்சியாக நடிக்கத் தொடங்கினார்கள். பிலிப் து வில்லியே என்ற இளைஞரின் யோசனை அது. இன்று இருபத்து மூன்று ஹெக்டேர் மேடையில் இரண்டாயிரத்துக்கும் அதிகமான தன்னார்வலர்கள் நடிக்கிறார்கள். ஓர் இரவுக்குப் பதின்மூன்றாயிரம் பேர் வந்து சுமார் ஒன்றரை மணி நேரம் பார்க்கிறார்கள். 1989-ல் அதன் பக்கத்திலேயே எழுந்த பகல் பூங்காவில் ரோலர் கோஸ்டர் கிடையாது. ரோமானியர், வைக்கிங், வாள்வீரர், பருந்துகள் என்று முழுக்க முழுக்கக் காட்சிகள்தான். ஆண்டுக்கு இருபது லட்சம் பேருக்கு மேல் வருகிறார்கள். கடந்தகாலத்தை மட்டுமே விற்கும் பூங்கா பிரான்சின் முன்னணிப் பூங்காக்களின் வரிசையில் வந்து நிற்கிறது. இன்றைய மனிதருக்குப் பொறுமை இல்லை என்பவர்கள் இந்தக் கூட்டத்துக்கு என்ன விளக்கம் சொல்வார்கள் என்று தெரியவில்லை. கலிஃபோர்னியாவின் நாட்ஸ் பெர்ரி ஃபார்ம் வேறொரு வழியைக் கண்டது. 1940-களிலிருந்து அங்கே இருக்கும் மேற்கத்தியக் கிராமத்தை, 2016 கோடையில் ‘கோஸ்ட் டவுன் அலைவ்’ என்ற பெயரில் நாள்முழுக்க நடக்கும் நாடகமாக்கினார்கள். ஷெரீஃபும் திருடனும் தபால்காரரும் தெருவில் நடமாடுகிறார்கள். வந்த பிள்ளையின் கையில் கடிதத்தைக் கொடுத்து ‘இதை அவரிடம் சேர்த்துவிடு’ என்கிறார்கள். கட்டடமும் கதையும் அதே பழசு. பிள்ளை மட்டும் பார்வையாளர் வரிசையிலிருந்து கதைக்குள் வந்துவிட்டது.

இதைவிடக் கனமானது காசு பற்றிய வாதம். பூங்காவில் ஒவ்வொரு அடி நிலத்துக்கும் விலை உண்டு. டிஸ்னிலேண்டின் கரடிகள் 2001-ல் வெளியேறியது வின்னி த பூ சவாரிக்கு இடம் விடத்தான். ஜிம் ஹென்சன் இறப்பதற்கு முன் கடைசியாக உழைத்த படைப்புகளில் ஒன்றான ‘மப்பெட் விஷன்’ 1991 முதல் ஃபுளோரிடாவில் ஓடி, 2025 ஜூனில் முடிவுக்கு வந்தது. அந்த இடத்தில் ‘மான்ஸ்டர்ஸ், இன்க்.’ படத்தின் பெயரில் ஒரு வளாகம் வருகிறது. புதுச் சவாரியை விளம்பரத்தில் போடலாம், பழைய காட்சியைப் போட முடியாது என்பது உண்மைதான். ஆனால் இந்தக் கணக்கில் ஒரு வரவு விடுபட்டுப்போகிறது. ‘கரோசல் ஆஃப் ப்ராக்ரஸ்’ காட்சியின் சுழலும் அரங்கம் ஒவ்வொன்றிலும் சுமார் 240 இருக்கைகள். சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஓர் அரங்கம் நிறைந்து நகர்கிறது. ஃபுளோரிடா வெயிலில் குழந்தையையும் பாட்டியையும் ஒன்றாகக் கூட்டிக்கொண்டு குளிரூட்டிய இடத்தில், வரிசையில் நிற்காமல், சேர்ந்து உட்கார வேறு எத்தனை இடம் இருக்கிறது? உயரக் கட்டுப்பாடு இல்லை, இதயநோய் எச்சரிக்கை இல்லை. சவாரிகளில் குடும்பம் பிரிந்து போகிறது. காட்சியில் சேர்ந்து இருக்கிறது. அந்த நாளின் நிறைவில் இதற்கு எவ்வளவு பங்கு என்பதை எந்த வரிசைக் கணக்கும் சொல்லாது.

மூன்றாவது எதிர்வாதத்துக்கு நான் பாதி தலைவணங்குகிறேன். பழைய காட்சிகள் காட்டும் கடந்தகாலம் இனிப்புத் தடவியது. புய் து ஃபூ முடியாட்சியையும் திருச்சபையையும் ஏக்கத்தோடு பார்க்கிறது, பிரெஞ்சுப் புரட்சியை ஒருதலையாகச் சொல்கிறது என்று பிரெஞ்சு வரலாற்றாசிரியர்கள் சிலர் புத்தகமே எழுதியிருக்கிறார்கள். டிஸ்னியின் சுழலும் குடும்பத்தில் மின்சாரம் துன்பத்தையெல்லாம் தீர்த்துவிடுகிறது. பொருளாதாரப் பெருமந்தமும் உலகப் போரும் மேடைக்கே வருவதில்லை. இந்தக் குற்றச்சாட்டுகள் சரியானவை. ஆனால் அவை கேட்பது திருத்தத்தை, மூடுவிழாவை அல்ல. வரலாற்றில் பொய்யைச் சொல்லிக் கட்டிப்போடும் காட்சியை மாற்றி எழுதத்தான் வேண்டும். எதையுமே மாற்றக்கூடாது என்று கொடிபிடிக்கும் பழைய ரசிகர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

எதை மாற்றுவது என்பதுதான் கடினம். ஃபுளோரிடாவின் கரடிகளை 2024 ஜனவரியில் நிறுத்தி, ஜூலையில் புதுப் பாடல்களோடு திறந்தார்கள். கரடிகள் அதே கரடிகள். பாடல்கள் மட்டும் டிஸ்னி படப்பாடல்கள், கிராமிய இசையில். உடலைப் பழுதுபார்த்து, முடியை மாற்றி, அசைவைச் சீராக்கியதை முழு மனதோடு பாராட்டுவேன். இந்தப் பொம்மைகளைக் கொன்றது பெரும்பாலும் வயதல்ல. திக்கும் தாடையும், ஒளி போன விளக்கும்தான். இயாகோவைப் போல் பழையதை இழிவுபடுத்தாமல் இருந்ததும் நல்லது. ஆனால் எங்கும் கேட்கும் படப்பாட்டைப் போட்டபோது, வேறெங்கும் கேட்காத அந்தக் கரடிகளின் கோணங்கித்தனம் கொஞ்சம் கரைந்துவிட்டது. பத்தாண்டு கழித்து எந்தப் பாதி பழசாகத் தெரியும் என்பதில் எனக்கு ஓர் ஊகம் உண்டு.

இப்போது டிஸ்னி இன்னொரு சோதனையில் இறங்கியிருக்கிறது. 2025 ஜூலையில் டிஸ்னிலேண்டின் எழுபதாம் ஆண்டையொட்டி, 1966-ல் இறந்த வால்ட் டிஸ்னியையே இயந்திரப் பொம்மையாக்கி மேடையேற்றினார்கள். தாத்தாவை இப்படி நிறுத்தக்கூடாது என்று பேத்தி ஒருவர் பகிரங்கமாகவே எதிர்த்தார். அடுத்து அப்படியொரு பொம்மை ஃபுளோரிடாவின் சுழலும் அரங்கிலும் தொடக்கக் காட்சியாக வரப்போகிறது என்று அறிவித்திருக்கிறார்கள். பெரியவர்கள் நெகிழ்வார்கள், சந்தேகமில்லை. பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருக்கும் எட்டு வயதுப் பிள்ளைக்கு அந்த மனிதர் யாரென்று தெரியாது. அவர் பேசி முடித்து அரங்கம் நகர்ந்து, ஃப்யூஸ் போய் மேடை இருண்டு, குடும்பம் தட்டுத்தடுமாறும்போது அந்தப் பிள்ளை சிரிக்கிறதா என்று பார்க்க வேண்டும்.