கணிப்பொறியும் வாயிற்காவலும்

தொலைவில் உள்ள கணிப்பொறியை வேறோர் ஊரிலிருந்து தொலைபேசிக் கம்பி வழியே இயக்கும் முறை, 1960ஆம் ஆண்டுகள் தொடங்கி 1990ஆம் ஆண்டுகளின் இறுதி வரையில் பெருவழக்காக இருந்தது. அதற்கு உதவிய கருவிக்கு மோடம் என்று பெயர். கணிப்பொறி அறிந்தவை ஒன்று, சுழி என்னும் இரு குறிகளே. தொலைபேசிக் கம்பியோ மனிதக் குரலைச் சுமப்பதற்கென அமைந்தது. ஆகவே குறிகளை ஓசையாக மாற்றி அனுப்பவும், மறுமுனையில் அவ்வோசையைக் குறிகளாக மீட்கவும் இடையே ஒரு கருவி வேண்டியதாயிற்று. அமெரிக்கத் தொலைபேசிக் கம்பெனியார் 1960ஆம் ஆண்டுகளின் முற்பகுதியில் வெளியிட்ட பெல் 103 என்னும் மோடம் விநாடிக்கு 300 குறிகளை அனுப்பியது. ஓர் எழுத்துக்குப் பத்துக் குறிகள் செலவாகுமாதலின், விநாடிக்கு 30 எழுத்துகளே சென்றன. நாளேட்டின் ஒரு பத்தியை அனுப்புவதற்குள் தேநீர் ஆறிவிடும்!

கம்பி இணைந்த மாத்திரத்தில் மறுமுனைக் கணிப்பொறி எவரையும் உள்ளே விட்டுவிடாது. ‘லாகின்’ என்னும் சொல்லை முதலில் அனுப்பும். ‘யார் நீ?’ என்பதே அதன் கருத்து. வந்தவர் தம் பெயரைத் தட்டெழுத வேண்டும். அடுத்து ‘பாஸ்வேர்டு’ என்று கேட்கும். வந்தவர் தம் கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும். இரண்டும் பொருந்தினாலன்றிக் கதவு திறவாது. தோட்டத்துப் பெரட்டில் கிராணியார் பெயர் கூப்பிட, ஆள் குரல் கொடுத்ததற்கு இதனை ஒப்பிடலாம். ஆனால் கிராணியார் ஆளின் முகத்தைக் கண்ணால் கண்டார். கணிப்பொறிக்கு முகம் தெரியாது. ஆதலினால்தான் அது கடவுச்சொல்லை நம்பியிருக்கிறது.

இவ்வுரையாடல் மனிதனை எண்ணி அமைக்கப்பட்டது என்பதை இங்கே மனத்திற் கொள்ள வேண்டும். திரையைப் பார்த்து, கேள்வியைப் படித்து, விடையை நினைவிலிருந்து எடுத்து எழுதுகிறவன் மனிதன். இந்த இடத்தில் ஒரு பொறியையே நிறுத்த வேண்டிய தேவை பின்னர் எழுந்தது.

பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய மைக் லெஸ்க் என்பார், 1970ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் யூ.யூ.சி.பி. என்னும் நிரலை உருவாக்கினார். 1979ஆம் ஆண்டில் வெளிவந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்போடு அது பல பல்கலைக்கழகங்களுக்குச் சென்றது. ஒரு கணிப்பொறி மற்றொன்றைத் தொலைபேசியில் அழைத்து, கடிதங்களையும் கோப்புகளையும் கொடுத்து வாங்குவது அதன் தொழில். தொலைபேசிக் கட்டணம் இரவில் குறைவாதலின், இவ்வழைப்புகள் பெரும்பாலும் நள்ளிரவிலேயே நிகழ்ந்தன. டியூக் பல்கலைக்கழக மாணாக்கர்களான டாம் டிரஸ்காட், ஜிம் எல்லிஸ் இருவரும் தொடங்கி வைத்த யூஸ்நெட் என்னும் செய்தி வலை இம்முறையாலேயே வளர்ந்தது. மலேசியாவில் மீமோஸ் நிறுவனத்தார் 1980ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் அமைத்த ரங்கோம் வலையும் தொலைபேசியைத் துணைக்கொண்டே தொடங்கியது.

இரவு இரண்டு மணிக்கு ‘லாகின்’ என்று மறுமுனை கேட்கும்போது விடை சொல்ல ஆள் ஏது? பொறிதான் சொல்லியாக வேண்டும். பெயரையும் கடவுச்சொல்லையும் ஒரே மூச்சில் அனுப்பிவிட்டால் என்ன என்று தோன்றலாம். மறுமுனை கேட்கத் தொடங்குமுன் அனுப்பிய எழுத்துகள் வீணாகிவிடும். ஆகவே பொறிக்கு முதலில் காத்திருக்கக் கற்பிக்க வேண்டியிருந்தது. யூ.யூ.சி.பி. கண்ட வழி மிக எளியது. ‘எதிர்பார்’, ‘அனுப்பு’ என்னும் இரண்டே செயல்களை மாறி மாறி அடுக்கினார்கள். இன்ன சொல் வரும்வரை காத்திரு. வந்தால் இதனை அனுப்பு. பின் இன்ன சொல்லுக்குக் காத்திரு. வந்தால் அதனை அனுப்பு. எல்.சிஸ் என்னும் கோப்பில் ஊருக்கு ஒரு வரியாக இவை எழுதப்பட்டன. அழைக்க வேண்டிய கணிப்பொறியின் பெயர், அழைக்கத்தக்க நேரம், கருவி, வேகம், தொலைபேசி எண், இறுதியில் இந்த உரையாடல் ஆகிய அனைத்தும் அவ்வொரு வரியில் அடங்கின.

அவ்வரிகளைப் படிப்போர்க்கு ஒரு விந்தை புலப்படும். ‘லாகின்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு ஐந்து எழுத்துகள். ஆனால் வரியில் முதல் எழுத்தை விட்டுவிட்டு, எஞ்சிய நான்கையே எதிர்பார்க்கும்படி எழுதியிருப்பார்கள். இது எழுத்துப் பிழையன்று. சில கணிப்பொறிகள் முதல் எழுத்தைப் பெரிய வடிவிலும் சில சிறிய வடிவிலும் அனுப்பின. கணிப்பொறிக்கு அவை இரண்டும் வெவ்வேறு எழுத்துகள். அன்றியும், கம்பி இணைந்த தொடக்கத்தில் எழும் இரைச்சலில் முதல் எழுத்துச் சிதைந்துபோவதும் உண்டு. ஐயத்திற்கு இடமான எழுத்தை விட்டுவிட்டால் இரண்டு தொல்லையும் தீர்ந்தன. ‘பாஸ்வேர்டு’ என்பதற்கும் அவ்வாறே தலையெழுத்தை வெட்டினார்கள்.

எதிர்பார்த்த சொல் வராவிட்டால்? சிறிது நேரம் பார்த்துவிட்டு, வெற்று வரி ஒன்றை அனுப்பி மீண்டும் காத்திருக்கும்படியும் எழுத முடிந்தது. இரு முனைகளின் வேகம் பொருந்தாதபோது ‘பிரேக்’ என்னும் குறியை அனுப்பினால், மறுமுனை தன் வேகத்தை மாற்றிக்கொண்டு மறுபடியும் கேட்கும். செவி மந்தமானவரிடம் மெல்லப் பேசுவது போன்றதே இது.

எண்ணைச் சுழற்றுவதற்கு முன்னெல்லாம் தனிக் கருவி தேவைப்பட்டது. 1981ஆம் ஆண்டில் ஹேய்ஸ் கம்பெனியார் வெளியிட்ட ஸ்மார்ட்மோடம் அத்தேவையை நீக்கிற்று. ஏ, டி என்னும் இரண்டு எழுத்துகளில் தொடங்கும் கட்டளையை அனுப்பினால் மோடமே எண்ணைச் சுழற்றி, இணைந்ததும் ‘கனெக்ட்’ என்று விடை கூறும். அழைப்பதும் ஓர் உரையாடலாகிவிட்டபடியால், அதுவும் எதிர்பார்ப்பு–அனுப்பு வரிசையில் எளிதாக இடம்பெற்றது. அதே ஆண்டில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தோன்றிய கெர்மிட் என்னும் நிரலும் பின்னர் இவ்வழியைப் பின்பற்றியது.

எனினும் இவ்வுரையாடல்கள் கிளிப்பிள்ளைப் பாடமே. உள்ளே நுழைந்தவருக்குப் பல கணிப்பொறிகள், ‘லாஸ்ட் லாகின்’ என்று தொடங்கி, முன்பு வந்துசென்ற நேரத்தைத் தெரிவிக்கும். கடவுச்சொல் தவறினால் ‘லாகின்’ மீண்டும் வரும் என்று எழுதி வைத்த நிரல், அவ்வரவேற்பையே மறுப்பாகக் கொண்டு திரும்பிவிடும்! வருகின்ற விடைக்கேற்ப வழி பிரியும் ஆற்றல் வேண்டும் என்று உணர்ந்த டான் லைப்ஸ் என்பார், அமெரிக்கத் தர அளவை நிலையத்தில் பணிபுரிகையில் எக்ஸ்பெக்ட் என்னும் நிரலை 1990ஆம் ஆண்டில் வெளியிட்டார். அது இன்றும் பயனில் இருக்கிறது.

இனி, யாவற்றிலும் கடினமான சிக்கலைக் காண்போம். மனிதன் கடவுச்சொல்லை நெஞ்சில் வைத்திருக்கிறான். பொறிக்கு நெஞ்சு ஏது? கோப்பில் எழுதித்தான் வைக்க வேண்டும். வாயிலைக் காக்கும் கணிப்பொறிக்கு இத்துன்பம் இல்லை. ராபர்ட் மாரிஸ், கென் தாம்சன் இருவரும் 1979ஆம் ஆண்டுக் கட்டுரையில் விளக்கியவாறு, கடவுச்சொல்லை மீட்க இயலாதபடி உருமாற்றி வைத்தாலே அதற்குப் போதும். வருகிற சொல்லையும் அவ்வாறே உருமாற்றி ஒத்துப் பார்த்துக்கொள்ளும். கேட்பவனுக்குச் சரிபார்த்தல் மட்டுமே தொழில்; சொல்பவன் சொல்லியாக வேண்டுமே! ஆகவே எல்.சிஸ் கோப்பில் எத்தனை ஊர்கள் உண்டோ அத்தனை ஊர்களின் கடவுச்சொற்களும் பச்சையாகக் கிடந்தன. அக்கோப்பைப் பிறர் படிக்காதபடி தடுத்து வைப்பது ஒன்றே காப்பு. அந்தப் பெயரில் நுழைபவர் அஞ்சல் வேலையன்றி வேறெதுவும் செய்ய இயலாதபடி பல இடங்களில் எல்லை வகுத்திருந்தது அறிவுடைமை. அழைப்பைத் துண்டித்துவிட்டு, பதிவிலுள்ள எண்ணைத் தானே திருப்பி அழைத்த கணிப்பொறிகளும் இருந்தன.

கடவுச்சொல்லைக் கம்பியில் அனுப்பாமலே அறிந்திருப்பதை மெய்ப்பிக்கும் சாப் என்னும் முறை 1992ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டது. வாயிலில் உள்ள பொறி ஒவ்வொரு தடவையும் புதியதோர் எண்ணை அனுப்பும். வந்த பொறி அதனைத் தன் இரகசியத்தோடு கூட்டிக் கணக்கிட்டு விடையை மட்டும் அனுப்பும். கம்பியை ஒட்டுக்கேட்பவனுக்கு அவ்விடை மறுநாள் உதவாது. ஆனால் அதே கணக்கை வாயிற்பொறியும் போட வேண்டுமாதலின், இரகசியத்தை உருமாற்றாமல் இரு முனைகளிலும் வைக்க நேர்ந்தது. ஒரு பக்கம் அடைத்த ஓட்டை மறுபக்கம் திறந்ததென்றே கூறலாம்.

பின்லாந்தைச் சேர்ந்த டாட்டு யுலோனன் என்பார் 1995ஆம் ஆண்டில் அமைத்த எஸ்.எஸ்.எச். என்னும் முறையில் இக்குறையும் நீங்கியது. வாயிலில் இருப்பது வெளிப்படையான திறவுகோல். அதனைத் திருடினாலும் பயனில்லை. இரகசியத் திறவுகோல் அழைப்பவரிடம் மட்டுமே இருக்கும். அதற்கும் ஒரு பூட்டுச்சொல் இட இயலும். ஆனால் நள்ளிரவில் ஆளின்றி ஓடும் வேலைக்கு அப்பூட்டுச்சொல்லை யார் தட்டெழுதுவது? எனவே பூட்டில்லாமலே அதனைக் கோப்பில் வைக்கும் வழக்கம் உண்டு. அக்கோப்பைப் பிறர் படிக்கும்படி விட்டுவைத்தால், இன்று பெருவழக்கிலுள்ள எஸ்.எஸ்.எச். நிரல் எச்சரிக்கை கூறி, அத்திறவுகோலைப் பயன்படுத்த மறுத்துவிடுகிறது.