ஏற்றத்திற்கு அஞ்சாத மூன்று சக்கரங்கள்

2022ஆம் ஆண்டின் எரிபொருள் நெருக்கடி நாட்டு மக்களை நீண்ட வரிசைகளில் நிறுத்தியபோது, பலர் துவிச்சக்கரவண்டியை மீண்டும் நாடினர். ஆயினும் ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் குன்றுகள் சூழ அமைந்துள்ள கண்டியில், சைக்கிளோட்டம் என்றதும் ‘இந்த ஏற்றத்திலா?’ என்ற கேள்வியே முந்திக்கொள்கிறது.

இதற்கொரு விடை, சாய்விருக்கை கொண்ட மூன்று சக்கர மிதிவண்டியாகும். இது நம் வீதிகளில் ஓடும் ஓட்டோ அன்று. முன்னால் இரண்டும் பின்னால் ஒன்றுமாகச் சக்கரங்கள் அமைந்த இவ்வண்டியில், முதுகைச் சாய்த்து, கால்களை முன்னே நீட்டி மிதிக்க வேண்டும். சாதாரண சைக்கிள் ஏற்றத்தில் வேகம் குறைந்தால் தள்ளாடும். இதுவோ நடைவேகத்திலும் சாயாது. கியரைக் குறைத்து, மூச்சு வாங்காமல் மெல்ல ஏறலாம். சமநிலை தவறிவிடுமோ என அஞ்சும் முதியோருக்கும் இது ஏற்றது. எடை அதிகம் என்பதும் ஏற்றத்தில் வேகம் குறைவு என்பதும் உண்மையே. எனினும் உடற்பயிற்சிக்குப் புறப்பட்டவருக்கு அவசரம் எதற்கு?

சாய்விருக்கை வண்டி புதியதுமன்று. 1933இல் பாரிஸில் பிரான்சிஸ் ஃபோர் இத்தகைய இருசக்கர வண்டியில் ஒரு மணிநேரத்தில் 45 கிலோமீற்றர் கடந்து சாதனை படைத்தார். மறு ஆண்டே சர்வதேச சைக்கிளோட்டச் சம்மேளனம் அவ்வகை வண்டிகளைப் போட்டிகளிலிருந்து விலக்கியது. எனவேதான் அவை பரவலாக அறியப்படாது போயின.

ஸ்ரீ விக்கிரம ராஜசிங்க மன்னன் 1807இல் அமைத்த கண்டி வாவியைச் சுற்றிய பாதை ஏறத்தாழ 3 கிலோமீற்றர், பெரும்பாலும் சமதரை. அரைமணி நேரத்தில் நிதானமாக இருமுறை வலம் வரலாம். வாரத்தில் ஐந்து நாட்கள் இவ்வாறு ஓட்டினால், உலக சுகாதார ஸ்தாபனம் வளர்ந்தோருக்கு விதந்துரைக்கும் 150 நிமிடப் பயிற்சி நிறைவாகும். நீரிழிவும் இரத்த அழுத்தமும் வீட்டுக்கு வீடு பேசப்படும் இந்நாளில் இது சிறிய பயனல்ல.

ஆனால் உண்மையான தடை மலையன்று, வீதியே. தாழ்வாக அமர்ந்திருப்பவர் பஸ் சாரதியின் கண்ணில் எளிதில் படமாட்டார். வண்டியில் உயரமான கொடியும் விளக்கும் அவசியம். அவை மட்டும் போதுமா? குன்றுகளுக்கிடையே தேங்கும் வாகனப் புகையையும் அவரே சுவாசிக்க வேண்டியுள்ளது.

ஆகவே ஞாயிறு அதிகாலையில் இரண்டு மணிநேரமேனும் வாவி வீதியை மோட்டார் வாகனங்களின்றி விட்டுவைக்க மாநகர சபையும் பொலிஸாரும் முன்வர வேண்டும் என்பதே நமது வேண்டுகோள். மூன்று சக்கர வண்டிக்கு மட்டுமன்றி, சாதாரண சைக்கிளோட்டும் சிறுவருக்கும் நடைபயிலும் பெண்களுக்கும் அவ்வீதி அப்போது சொந்தமாகும்.